பழைய வீட்டுச் சுவரில் ஓதம்: மறுபூச்சுக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

குடமுருட்டிக்கரை | பிப்ரவரி 4

அனைவருக்கும் வணக்கம். திருவையாற்றில் என் பாட்டனார் கட்டிய வீட்டில் குடியிருக்கிறேன். எண்பது ஆண்டுகளைக் கடந்த வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று பழைய அமைப்பிலேயே இருக்கிறது. வெளிச்சுவர்கள் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டியவை. கூடத்தின் ஒரு பகுதியைப் பின்னாளில் நாலரை அங்குலச் சுவர் வைத்துத் தடுத்துப் படுக்கையறை ஆக்கினோம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கூடத்தின் சுண்ணாம்புப் பூச்சு அங்கங்கே பெயர்ந்ததால், அதை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூச்சுப் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தோம். மூன்று ஆண்டுகள் வரை குறையில்லை. அதன் பிறகு தரையை ஒட்டிப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பத் தொடங்கியது. இப்போது இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்து, விரலால் தொட்டாலே பூச்சு மாவாக உதிர்கிறது. சுண்ணாம்புப் பூச்சு இருந்த காலத்தில் ஓதம் முழங்காலுக்கு மேல் ஏறியதை நான் பார்த்ததில்லை. படுக்கையறைத் தடுப்புச் சுவரிலோ வேறு விதமான தொல்லை இருக்கிறது: கூடத்துப் பக்கம் பீரோவுக்குப் பின்னால், நெஞ்சளவு உயரத்தில், கரும்புள்ளியாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது.

பார்க்க வந்த கொத்தனார், பழையதைக் கொத்திவிட்டு நீர்காப்பு மருந்து கலந்த சிமெண்டால் மறுபடி பூசி, நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். ஆடிக்கு முன் வேலையை முடிக்க விரும்புகிறேன். செலவு செய்த பிறகு வருந்துவதைவிட, முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லதென்று எழுதுகிறேன்.

சுண்ணாம்புக்கொத்து | பிப்ரவரி 4

ஐயா, தயவுசெய்து டைல்ஸ் ஒட்டாதீர்கள். கும்பகோணம் பகுதியில் இதே வேலையில் இருக்கிறேன். என் தந்தையும் கொத்தனார்தான். டைல்ஸ் ஒட்டிய பழைய வீடுகளில் இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து ஓதம் டைல்ஸுக்கு மேலே தலைகாட்டியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தண்ணீர் நின்றுவிடுவதில்லை, வெளியேற வழியில்லாததால் இன்னும் உயரம் ஏறிப் போகிறது.

உங்கள் பாட்டனார் காலத்துச் சுவருக்கு அடியில் ஓதத்தடுப்பு என்று ஒன்று கிடையாது. கடைக்காலிலிருந்து செங்கல், திரி எண்ணெயை இழுப்பதைப் போல மண்ணின் ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அன்றைய கொத்தனார்களுக்கு அது தெரியாமல் இல்லை. ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே காற்றில் ஆவியாகிப் போகும். அதனால்தான் ஓதம் முழங்காலோடு நின்றது. பூச்சு சிறிது சிறிதாக உதிரும், ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை ஒட்டுப்போட்டுக்கொள்வார்கள். சிமெண்டும் பட்டியும் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிட்டன. பன்னிரண்டு ஆண்டுகளில் ஓதம் இடுப்புக்கு ஏறியதற்கு அதுவே காரணம்.

மயிலாடுதுறைப்பொறியாளர் | பிப்ரவரி 5

மேலே எழுதிய நண்பரின் கருத்து சரியானது. ஆனால் கேள்வி கேட்ட ஐயாவின் வீட்டில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்றுகூடத் தீராது.

கீழிருந்து ஏறும் ஓதம் பொதுவாக ஒரு மீட்டர் உயரத்துக்குள் அடங்கும். சுவர் அடைபட்டிருந்தால் ஒன்றரை மீட்டர் வரை போகலாம். அதன் மேல்விளிம்பில் அலையலையாகக் கறையும் உப்பும் இருக்கும். மேலிருந்து இறங்கும் நீர், அதாவது இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாய் ஒழுகுவதாலோ தளத்து விரிசலாலோ வருவது, மழையை ஒட்டித்தான் தெரியும். மூன்றாவது, காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் நீராகப் பூப்பது. இதில் உப்பு இருக்காது, பூஞ்சை இருக்கும். உங்கள் பீரோவுக்குப் பின்னால் இருப்பது இந்த மூன்றாவது வகையாகத்தான் இருக்க வேண்டும்.

சமையலறையில் உள்ள அலுமினியத் தாளை ஓரடிச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டுங்கள். பூச்சு உதிரும் இடத்தில் ஒட்டாது என்பதால், சற்று மேலே உறுதியான இடத்தில் ஒட்ட வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிமுகம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய முகம் நனைந்திருந்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம். ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானியை மட்டும் நம்ப வேண்டாம். அது மின்கடத்துத் திறனைத்தான் அளக்கிறது. உப்பேறிய சுவர் காய்ந்திருந்தாலும் ஈரம் என்று காட்டிவிடும்.

குடமுருட்டிக்கரை | பிப்ரவரி 8

செய்து பார்த்தேன். வெளிச்சுவரில் மூன்றடி உயரத்தில் ஒட்டிய தாளைப் பிரித்தபோது, சுவர்ப் பக்கம் முழுவதும் பொடிப்பொடியாக நீர்த்துளிகள் இருந்தன, வெளிமுகம் காய்ந்திருந்தது. தடுப்புச் சுவரில் ஒட்டிய தாள் இரண்டு பக்கமும் காய்ந்தே இருந்தது. அப்படியானால் அங்கே ஈரமே இல்லையா?

மயிலாடுதுறைப்பொறியாளர் | பிப்ரவரி 8

சுவருக்குள் ஈரம் இல்லை என்பது உறுதியாயிற்று. காற்றிலிருந்து நீர் பூப்பது பருவத்தைப் பொறுத்தது. படுக்கையறையில் ஏசி இருக்கிறதா, அதன் காற்று எந்தச் சுவரை நோக்கி வீசுகிறது என்று சொல்லுங்கள். ஐப்பசியில் அதே இடத்தில் மறுபடியும் தாளை ஒட்டிப் பாருங்கள்.

குடமுருட்டிக்கரை | பிப்ரவரி 8

ஏசி இருக்கிறது. காற்று நேராக அந்தத் தடுப்புச் சுவரின் மேல்தான் படுகிறது. மகன் வந்து தங்கும்போது 20 டிகிரியில் வைத்துவிட்டு இரவு முழுவதும் ஓடவிடுவான்.

மயிலாடுதுறைப்பொறியாளர் | பிப்ரவரி 9

அப்படியென்றால் கணக்கு நேராக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பகுதியில் மழை விட்ட இரவு, கூடத்தில் 28 டிகிரி வெப்பமும் காற்றில் 90 விழுக்காடு ஈரப்பதமும் இருப்பது வழக்கமான நிலைதான். அந்தக் காற்று 26 டிகிரியிலோ அதற்குக் கீழோ உள்ள எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகப் பூக்கும். நாலரை அங்குலச் சுவரின் மறுபக்கம் ஏசிக் காற்று நேராகப் பட்டால், கூடத்துப் பக்கப் பரப்பு அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். பீரோ ஒட்டி நிற்பதால் கூடத்தின் வெதுவெதுப்பு அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை. ஆகவே அங்கே குளிர்ச்சி இன்னும் கூடுதல். உங்கள் ஒன்றரை அடிச் சுவரில் இது நிகழாது. அந்தக் கனத்தைத் தாண்டிக் குளிர்ச்சி மறுபக்கம் வருவது கடினம்.

அந்தச் சுவருக்குப் பூச்சு வேலையே தேவையில்லை. பீரோவை நான்கு அங்குலம் தள்ளிப் போடுங்கள், ஏசியை 26 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள், காற்று சுவரில் படாதவாறு தகடுகளைத் திருப்பி வையுங்கள். பூஞ்சையைத் துடைத்து எடுத்துவிட்டுக் காய்ந்த பின் சுண்ணாம்பு அடித்தால் போதும்.

மன்னார்குடிவாசி | பிப்ரவரி 10

நான் ஒப்பந்த முறையில் கட்டட வேலை செய்கிறேன். சுண்ணாம்பே எல்லாவற்றுக்கும் தீர்வு என்ற தொனி எனக்கு உடன்பாடில்லை. வெளிச்சுவரின் அடி வரிசையில் நான்கைந்து அங்குல இடைவெளியில் துளையிட்டு, சிலேன் என்ற நீர்விலக்கு மருந்துப் பசையைச் செலுத்தி ஓதத்தைத் தடுக்கும் முறை இருக்கிறது. செய்து கொடுத்த வீடுகளில் பலன் கண்டிருக்கிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில், நடைமுறையில் முடிகிறதைத்தான் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்புக்கொத்து | பிப்ரவரி 10

அண்ணா, அந்த முறையை நான் குறை கூறவில்லை. ஒன்பது அங்குலச் சுவரில், செங்கல் வரிசை ஒழுங்காக உள்ள இடத்தில் அது பயன் தரும். ஒன்றரை அடி, இரண்டடிச் சுவர்களில் வெளி இரண்டு முகங்கள்தாம் ஒழுங்கான கட்டு. நடுவில் உடைசெங்கல்லும் சாந்தும் போட்டு நிரப்பியிருப்பதை நான் இடித்துப் பார்த்த பல வீடுகளில் கண்டிருக்கிறேன். அங்கே மருந்து ஒரே சீராகப் பரவாது. பொந்து கண்ட இடத்தில் இறங்கிவிடும். அதோடு, மருந்து புது ஈரத்தைத்தான் தடுக்கும். சுவரில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உப்பை அது ஒன்றும் செய்யாது.

நாகைக்கடலோரம் | பிப்ரவரி 12

உப்பைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு நாகப்பட்டினத்தில், கடற்கரைக்குப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடுகள் பறந்து, சுவர்கள் ஊறிப் போயின. மறு ஆண்டு பூச்சு வேலையைச் செய்தோம். ஆற்று மணல்தான் வாங்கினோம், சுண்ணாம்பும் நல்ல சுண்ணாம்புதான். ஆனால் கலவைக்கும், பூசிய பின் நனைப்பதற்கும் வீட்டு போர் தண்ணீரையே ஊற்றினார்கள். வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர். நானும் தடுக்கவில்லை, அப்போது எனக்கு அது தோன்றவில்லை. பத்து நாள் வேளைக்கு வேளை உப்புத் தண்ணீரை நாங்களே சுவருக்கு ஊட்டியிருக்கிறோம். ஆறு மாதத்துக்குள் சுவர் முழுவதும், தரையை ஒட்டி மட்டுமல்ல, விட்டம் வரைக்கும் பஞ்சு ஒட்டியதைப் போல உப்பு பூத்துவிட்டது. அன்று வீட்டில் எல்லோர் கண்ணிலும் நீர் வந்தது.

கடலோரத்தில் இருப்பவர்கள், எந்தப் பூச்சாக இருந்தாலும், தண்ணீரை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறைப்பொறியாளர் | பிப்ரவரி 12

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்து மனம் வருந்தியது. கட்டுமான நீருக்கு இந்தியத் தரநிர்ணயம் வரம்பு வைத்திருக்கிறது: இரும்புக்கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் குளோரைடு, கம்பி உள்ளதற்கு 500. பழைய சுவருக்கு நான் இதைவிடக் குறைவான நீரையே ஊற்றச் சொல்வேன். லாரித் தண்ணீர் வாங்கினாலும் நட்டமில்லை.

இதில் பலர் அறியாத ஒன்று இருக்கிறது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்புச்சாடியில் மழைக்காலத்தில் நாம் காண்பது இதுதான். சுவரில் உள்ள உப்பும் அப்படியே. தரையிலிருந்து ஒரு துளி நீர் ஏறாவிட்டாலும், ஐப்பசிக் காற்றில் சுவர் நனைந்ததைப் போல இருண்டு நிற்கும். பங்குனியில் காய்ந்து மறுபடி படிகமாகும். படிகமாகும்போது செங்கல்லின் நுண்துளைகளுக்குள் விரிந்து நெருக்கும். பூச்சை உதிர்ப்பது ஈரத்தைவிட இந்த நெருக்குதல்தான். ஆண்டுக்கு ஆண்டு இது திரும்பத் திரும்ப நிகழ்வதால், உப்பைச் சுவரிலிருந்து எடுக்காமல் செய்யும் மறுபூச்சு எதுவும் நிலைக்காது.

குடமுருட்டிக்கரை | பிப்ரவரி 20

வேலையைத் தொடங்கிவிட்டேன். சிமெண்ட் பூச்சை, கறை தெரிந்த உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி வரைக்கும் கொத்தி எடுத்தோம். கரணைக் காம்பால் தட்டும்போதே பல இடங்களில் வெற்றுக்குடம் போல் ஓசை வந்தது. பெயர்த்தால் பூச்சின் பின்புறம் வெள்ளையாக உப்பும், செங்கல் முகம் அரித்துக் குழிந்தும் இருந்தது. சிமெண்ட் அப்படியே இருக்க, அதன் பின்னால் செங்கல் கரைந்திருக்கிறது.

முன்சுவரில் வேறொரு காரணமும் புலப்பட்டது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் தெருவிலிருந்து திண்ணைக்கு நான்கு படி ஏற வேண்டும். சாலை மேல் சாலையாகப் போட்டு, இப்போது ஒரு படிதான் மிச்சம். மழை பெய்தால் தெருத் தண்ணீர் திண்ணைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. உப்பைக் கழுவி எடுக்கலாமா என்று ஆட்கள் கேட்கிறார்கள்.

சுண்ணாம்புக்கொத்து | பிப்ரவரி 20

கழுவவே கூடாது, ஐயா. தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளே போகும். காய்ந்த தூரிகையால் தேய்த்து, கீழே சாக்கு விரித்து, உதிர்ந்ததை முற்றத்தில் கொட்டாமல் வெளியே அப்புறப்படுத்துங்கள். செங்கல் இடுக்குகளை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பூக்கும், மறுபடி தேயுங்கள். பூப்பது குறையும் வரை இதைச் செய்ய வேண்டும்.

சாலை விஷயம் நம் ஊர்களில் எல்லாத் தெருவிலும் உள்ளது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். அடுத்து வேலை வரும்போது தெருவாசிகள் எல்லோரும் சேர்ந்து அதைச் சுட்டிக்காட்டி மனுக் கொடுங்கள். அதுவரை, சுவரை ஒட்டி ஓரடி அகலத்தில் சிறு வாய்க்கால் எடுத்து, சாக்கடைப் பக்கம் சரிவு கொடுத்து, உள்ளே சல்லி நிரப்புங்கள். கடைக்காலுக்குக் கீழே மட்டும் தோண்டிவிடாதீர்கள்.

மயிலாடுதுறைப்பொறியாளர் | பிப்ரவரி 21

காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கனமான சுவர் உலர்வதற்கு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. பதினெட்டு அங்குலச் சுவர் இரு முகமும் திறந்திருந்தால் ஒன்பது மாதம் ஆகும். உங்களுக்கு ஆடிவரை ஐந்து மாதமே இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்துவிட்டால், ஆறும் வாய்க்காலும் ஓடி நிலத்தடி நீரும் உயரும். எனவே முழுவதும் உலர்ந்த சுவரில் பூசுகிறோம் என்ற எண்ணம் வேண்டாம். ஈரம் தொடர்ந்து வெளியேற இடம் கொடுக்கும் பூச்சு வேண்டும். அது உப்பையும் தன்னுள் வாங்கிக்கொண்டு, சில ஆண்டுகளில் தான் உதிர்ந்து செங்கல்லைக் காக்க வேண்டும். அப்படி உதிர்வது பழுதில்லை, அதன் வேலையே அதுதான். இப்போதே மனத்தில் இதை ஏற்றுக்கொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

குடமுருட்டிக்கரை | ஏப்ரல் 30

உப்பு பூப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. கலவை விவரத்தைக் கேட்கிறேன். கடுக்காய், வெல்லம் எல்லாம் சேர்க்க வேண்டுமா?

சுண்ணாம்புக்கொத்து | மே 1

சற்று நீளமாகவே எழுதுகிறேன், ஐயா. மூட்டையில் வரும் சுண்ணாம்புத் தூளை அப்படியே கலக்க வேண்டாம். கற்சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ வாங்கித் தொட்டியில் நீற்றி, வெண்ணெய்ப் பதம் வரும்வரை தண்ணீருக்கடியிலேயே ஊற வையுங்கள். இரண்டு வாரம் குறைந்தபட்சம். ஒரு மாதம் என்றால் மிக நல்லது. நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் சித்தாட்களைத் தொட்டியருகே விடாதீர்கள்.

முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, அரைப் பங்கு சுர்க்கி, இரண்டரைப் பங்கு மணல். சுர்க்கி நன்றாகச் சுட்ட செங்கல்லை இடித்துச் சலித்ததாக இருக்க வேண்டும். அது சேர்ந்தால்தான் ஈரமான இடத்திலும் கலவை இறுகும். எம் சாண்ட் என்றால் மாவுத்தூளைக் கழுவி எடுத்துவிடுங்கள். கலவையைக் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைப்பது நம் பக்கத்து வழக்கம். எளிதில் பூச வரும், விரிசல் குறையும். வெல்லம் சேர்த்தால் மிகக் குறைவாகச் சேருங்கள்; கூடினால் இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும்.

சுவரை முதல்நாள் நல்ல தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக்கொண்டு, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசுங்கள். குழிந்த இடங்களில் செங்கல் சில்லு வைத்து நிரப்பிவிட்டுத்தான் பூச வேண்டும். கலவையை மொத்தமாக அப்பினால் விரிசல் விடும். பெருவிரலை அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, ஆனால் நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அந்தப் பதத்தில் மரப்பலகையால் தேய்த்து இறுக்குங்கள். இரும்புக் கரணையால் வழவழவென்று மெழுகக் கூடாது, முகம் அடைபட்டுவிடும். சித்திரை வெயிலும் அனல்காற்றும் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். சிமெண்டைப் போல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கவும் கூடாது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறுகும். அவசரப்பட்டு இரண்டாம் பூச்சைப் போடாமல் இரண்டு வாரமாவது விடுங்கள். முடிவில் பட்டி வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், ஜிப்சம் பக்கமே போக வேண்டாம். வெள்ளைச் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து நான்கைந்து முறை அடியுங்கள்.

மன்னார்குடிவாசி | மே 2

இந்த அளவுக்கு விளக்கியதற்கு நன்றி, தம்பி. அடுத்து எடுக்கும் பழைய வீட்டில் ஒரு சுவரில் இதைச் செய்து பார்க்கிறேன். அடியில் மட்டும் சுண்ணாம்பும் மேலே பழைய சிமெண்டும் இருந்தால், சேரும் இடத்தில் விரிசல் வராதா?

சுண்ணாம்புக்கொத்து | மே 2

வரும், அண்ணா. அந்த இடத்தில் நேர்கோடாகச் சிறு இடைவெளி விட்டுவிடுங்கள். மறைக்க முயன்றால்தான் தாறுமாறாக விரியும்.

குடமுருட்டிக்கரை | நவம்பர் 16

பலமுறை எழுத நினைத்தும் மழைக்காலம் ஒன்றைக் கடந்த பிறகு எழுதுவதே நேர்மை என்று காத்திருந்தேன். முதல் பூச்சு மே மாத நடுவிலும், இரண்டாவது ஜூன் தொடக்கத்திலும் முடிந்தன. ஆடிக்குள் சுண்ணாம்பு அடித்துவிட்டோம். தெருவோர வாய்க்காலையும் எடுத்தாயிற்று. சென்ற வாரப் பெருமழையில் தண்ணீர் திண்ணையில் நிற்காமல் ஓடியதைக் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன்.

பொறியாளர் ஐயா சொன்னபடி அக்டோபர் கடைசியில் தடுப்புச் சுவரில் தாளை ஒட்டி, மகன் வந்திருந்த இரவில் வேண்டுமென்றே ஏசியைப் பழையபடி 20 டிகிரியில் ஓடவிட்டேன். விடியற்காலை தாளின் கூடத்துப் பக்கம் துளிகள் கோத்து, ஒன்றிரண்டு கீழே வழிந்தும் இருந்தன. அடுத்த நாள் தகடுகளைத் திருப்பி 26இல் வைத்தேன், தாள் காய்ந்திருந்தது. மகனும் பார்த்தான். பீரோ இப்போது சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிற்கிறது, பூஞ்சை திரும்பவில்லை.

வெளிச்சுவரில் ஈரக்கறை இப்போது முழங்காலுக்குக் கீழேதான் தெரிகிறது. கொல்லைப்புறக் கதவுக்குப் பக்கத்தில், கிணற்றடியை ஒட்டிய மூலையில் மட்டும், இரண்டு கையகலத்துக்கு உப்பு பூத்துச் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக எழும்புகிறது. பதினைந்து நாளுக்கொரு முறை காய்ந்த தூரிகையால் தேய்த்து எடுத்துவருகிறேன். அந்த இடத்தைப் பங்குனிக்குப் பிறகு கொத்திப் பூசலாமா, இன்னோர் ஆண்டு விட்டுவைக்கலாமா?

சுண்ணாம்புக்கொத்து | நவம்பர் 16

விட்டு வையுங்கள், ஐயா. இன்னும் உப்பு வெளியே வருகிறது என்றால், வரட்டும். கிணற்றடித் தண்ணீர் அந்த மூலைக்குச் சரிகிறதா என்பதை மட்டும் ஒரு வாளி ஊற்றிப் பார்த்துச் சொல்லுங்கள்.